தட்டில் வந்த பாட்டு

காரைக்குடிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் ஆயிரம் ஜன்னல் வீட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், கொப்புடையம்மனைக் கும்பிடுவார்கள், பிறகு தவறாமல் முனீசுவரன் கோயில் தெருவுக்குப் போவார்கள். அங்கே வரிசையாகப் பழஞ்சாமான் கடைகள். பாகம் பிரித்துக்கொண்ட வீடுகளிலிருந்து பர்மாத் தேக்குக் கதவு, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் அங்கேதான் வந்து சேரும். கிராமபோன் பெட்டிகளும் வரும். புனலை மட்டும் பளபளவென்று துலக்கித் தெருவைப் பார்க்க வைத்திருப்பார்கள்.

ஒரு தடவை விளையாட்டாகக் கேட்டேன்: "இது பாடுமா?"

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாடுறதுக்கா அண்ணே வாங்குறாங்க? முகப்புல வச்சா லட்சணமா இருக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கத்து மனிதர்கள் எதையும் லேசில் தூக்கி எறிய மாட்டார்கள். துணி சுற்றி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். ஆனால் ஒரு பொருளைக் காப்பாற்றி வைப்பது ஒன்று. அதைப் புழங்குவது இன்னொன்று. இந்த வித்தியாசம் எனக்கு விளங்க முப்பது வருஷம் பிடித்தது. விளங்க வைத்தவை மூன்று இசைத்தட்டுகள்.

முதல் தட்டு எங்கள் வீட்டில் இருப்பது. பர்மாவில் செய்த கொடுக்கல் வாங்கலெல்லாம் 1942-ல் யுத்தத்தோடு போய்விட, கையை உதறிக்கொண்டு ஊர் திரும்பிய என் ஐயா, அதாவது அப்பச்சியின் தகப்பனார், தமக்கென்று ஆசைப்பட்டுக் கடைசியாக வாங்கிய சாமான் ஒரு கிராமபோன் பெட்டி. இசைத்தட்டு எங்கள் ஊருக்குப் புதிது அல்ல. 1907-ல் இங்கே பிறந்து, தகப்பனார் கடையில் இசைத்தட்டு விற்றுத் தொழிலைத் தொடங்கிய ஏவி. மெய்யப்பன்தானே பிற்பாடு சென்னைக்குப் போய் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தினார்! அவரே யுத்த காலத்துக்குப் பின் தேவகோட்டை ரோட்டில் கொட்டகை போட்டு எடுத்த 'நாம் இருவர்' 1947-ல் வந்தது. இன்னொரு பக்கம் வீணைக்கும் இது பேர்போன ஊர். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராமய்யர் வீணையைத் தம்புராவைப் போல நிமிர்த்தி வைத்து வாசித்தவர். தம்பி சாம்பசிவய்யருக்கு 1952-ல் சங்கீத கலாநிதிப் பட்டம் கிடைத்தது. ஆகையால் சங்கீதத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எங்கள் ஊரில் யாரும் தயங்குவதில்லை.

அப்பச்சி சங்கீதம் படித்தவர் அல்ல, கேட்டவர். செக்கு எண்ணெய் வியாபாரம். ஐயா வைத்துவிட்டுப் போன தட்டுகளில் அவருக்கு உயிரானது முசிரி சுப்பிரமணிய ஐயர் பாடிய 'நகுமோமு'. தியாகராஜர் கீர்த்தனை. ராமனுடைய சிரித்த முகத்தைக் காணாமல் தவிக்கிற ஒருவரின் பாட்டு. அந்தத் தட்டில் மயிரிழை போல ஒரு விரிசல் உண்டு. சுற்றுக்கு ஒரு தரம் ஊசி அதன்மேல் ஏறி இறங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று, எழுபத்தெட்டு 'டக்'. பிள்ளைப் பிராயத்தில் அந்தச் சத்தமும் பாட்டில் சேர்ந்ததுதான் என்று நினைத்திருந்தேன். வெளியே கச்சேரியில் யாராவது நகுமோமு பாடினால் எதையோ விட்டுவிட்டார் போலத் தோன்றும்.

எங்கள் பக்கத்தில் அக்காவை ஆச்சி என்போம். என் ஆச்சிக்கு ஒன்பது வயசிலேயே வீணை டீச்சர் வர ஆரம்பித்தார். என்னையும் பாட்டுக்கு உட்கார வைத்தார்கள். இரண்டாம் நாளே, "இந்தத் தம்பிக்கு எழுத்து நல்லா வருது, எழுதட்டும்" என்று டீச்சர் நயமாகச் சொல்லிவிட்டார். அந்த வார்த்தைதான் என்னைக் கதாசிரியனாக்கியது என்று கூட்டங்களில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அது எனக்குள் எவ்வளவு நாள் கடுத்துக்கொண்டிருந்தது என்பதைச் சொன்னதில்லை.

'ரோஜா' படம் 1992-ல் வந்தது. மறுவருஷம் எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் கீபோர்டின் மேல்தான் விழ வேண்டும். ஆச்சிக்கு அப்போது பத்தொன்பது வயசு, எனக்குப் பதினைந்து. கல்லூரி விழாவில், கூடப் படித்த பெண்ணொருத்தி கீபோர்டில் தாளப் பொத்தானை அமுக்கிவிட, ஆச்சி நகுமோமு பாடினாள். நானும் போயிருந்தேன். பாடி முடிந்ததும் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. பக்கத்தில் இருந்தவர், "உங்க ஆச்சியா?" என்று என்னைக் கேட்டார். "ஆமாம்" என்று சொல்லும்போது என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

அன்று இரவு இலையில் உட்கார்ந்ததும் அப்பச்சியிடம் சொன்னேன்: "ஆச்சி இன்னைக்கு நகுமோமு பாடுச்சு. சினிமாப் பாட்டு மாதிரி டிரம்ஸ் சத்தம் வச்சுப் பாடுச்சு."

அப்பச்சி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். சாப்பாட்டை முடித்துக் கை கழுவிவிட்டு வந்து ஒரே வார்த்தை சொன்னார்: "கலப்படம்." எண்ணெய் வியாபாரிக்கு அதைவிடக் கேவலமான சொல் கிடையாது. மறுநாள் டீச்சருக்குக் கணக்குத் தீர்த்தார்கள். வீணையை ஒரு பழைய வேட்டியில் சுற்றி மேல்மாடி அறையில் வைத்தார்கள். ஆச்சி அழுததாக எனக்கு ஞாபகமில்லை. அதற்குப் பிறகு அவள் பாடியதாகவும் ஞாபகமில்லை. 1996-ல் கல்யாணமாகி லண்டனுக்குப் போய்விட்டாள். யார் சொல்லி அப்பச்சிக்குத் தெரிந்தது என்று அவள் என்னைக் கேட்கவே இல்லை.

இரண்டாவது தட்டு 2001-ஆம் வருஷக் கடைசியில் தபாலில் வந்தது. லண்டன் முத்திரை, ஆச்சியின் கையெழுத்து. உள்ளே ஒரு குறுந்தகடு, கடுதாசி கிடையாது. பெயர் 'சால்ட் ரெயின்', உப்பு மழை. பாடியவர் சுசீலா ராமன். எங்கள் வீட்டில் அதைப் போட மெஷின் இல்லாததால், நண்பரின் டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டேன்.

கிதார், தபலா, அடியில் ஆப்பிரிக்கத் தாளம், தாழ்ந்த ஸ்தாயியில் கொஞ்சம் கரகரத்த ஒரு பெண் குரல். மைசூர் வாசுதேவாசாரியார் கீர்த்தனை 'மாமவது' இருந்தது. ஆங்கிலப் பாட்டு இருந்தது. அவற்றோடு நகுமோமுவும் இருந்தது. கச்சேரியில் கேட்கிற பிருகாவும் நிரவலும் இல்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒருத்தி தனக்குத்தானே பாடிக்கொள்வது போல இருந்தது.

அந்தப் பாடகியைப் பற்றிப் பின்னால் தேடிப் படித்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோருக்கு 1973-ல் லண்டனில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய்விட்டது. சிட்னியில் வளர்ந்தார். சின்ன வயசில் கர்நாடக சங்கீதம் கற்று மேடையில் பாடியவர், வாலிபத்தில் அதை விட்டுவிட்டு ராக் குழுவில் சேர்ந்தார். 1995-ல் இந்தியாவுக்கு வந்து சுருதி சடோலிகரிடம் ஹிந்துஸ்தானி பயின்றார். மறுபடி இங்கிலாந்துக்குப் போய், சாம் மில்ஸ் என்ற கிதார் வித்வானோடு சேர்ந்து உண்டாக்கிய முதல் ஆல்பம் இது. அந்த வருஷம் அந்த நாட்டு மெர்க்குரி பரிசுக்குப் பொறுக்கி எடுத்த பன்னிரண்டு ஆல்பங்களில் ஒன்றாக அது இருந்தது. பரிசு வேறொருவருக்குப் போயிற்று. ஆனாலும் தியாகராஜர் அந்த வரிசை வரைக்கும் போய்விட்டு வந்தார்.

இவ்வளவையும் படித்த பிறகு என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? ஆச்சி எனக்குக் குத்திக் காட்டுகிறாள் என்றே தீர்மானித்தேன். 'நீங்கள் கலப்படம் என்று மூட்டை கட்டி வைத்ததை இன்னொருத்தி பாடுகிறாள், பார். லண்டனே எழுந்து நின்று கேட்கிறது' என்று அவள் சொல்வதாக எடுத்துக்கொண்டேன். குற்றம் செய்தவனுக்கு வருகிற தபாலெல்லாம் சம்மனாகத்தான் தெரியும். அப்பச்சிக்குத் தெரியாமல் அதைக் கையெழுத்துப் பிரதிகளுக்கு அடியில் வைத்தேன். ஆச்சிக்குப் பதில் எழுதவில்லை. பிறகு போனில் எத்தனையோ பேசியிருக்கிறோம். அந்தத் தட்டைப் பற்றி இருவரும் வாய் திறந்ததில்லை.

மூன்றாவது தட்டு 2024-ல் வந்தது. அதைத் தட்டு என்று சொல்வதுகூட பழைய பழக்கம்தான். அது வந்தது ஒரு மடிக்கணினியில். அப்பச்சியின் சதாபிஷேகத்துக்கு ஆச்சி மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். மகளுக்கு இருபத்தொரு வயசு. வந்த மறுநாளே மேல்மாடியில் வீணை இருந்த அறையைத் தனக்கென்று பிடித்துக்கொண்டாள். கணினி, மைக், காதில் மாட்டுகிற கருவி என்று அறை நிறைந்துவிட்டது. சதாபிஷேகத்தன்று மாலை ஐயா முன்னால் ஒரு பாட்டுப் பாடப் போவதாகச் சொன்னாள்.

"என்ன பாட்டு?" என்றேன்.

"நகுமோமு, அம்மான்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. "யார்ட்ட படிச்சே? உங்க ஆத்தா சொல்லிக் குடுத்துச்சா?"

"அம்மா பாடுனதே இல்லை. ஆனா ராத்திரி பாத்திரம் கழுவும்போதெல்லாம் ஒரு சிடி போடுவாங்க. சுசீலா ராமன். எனக்கு நினைவு தெரிஞ்ச நாளா கேட்டிருக்கேன். அதுலதான் படிச்சேன்."

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். குத்தல் என்று நான் இழுப்பறையில் பூட்டிய அதே பாட்டு, அங்கே ஒரு சமையலறையில் இருபது வருஷமாக ஓடி, ஒரு பெண்ணைப் பாட்டுக்காரியாக வளர்த்திருக்கிறது. வீணையை மூடியதால் நின்றுபோன வழியை அந்தக் 'கலப்பட'த் தட்டு திறந்து விட்டிருக்கிறது.

என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டோ என்னவோ, "இதையும் கேளுங்க அம்மான்" என்று காதில் கருவியை மாட்டிவிட்டாள். பிரேசில் தேசத்துப் பாடகி பெபெல் ஜில்பெர்டோ 2000-ல் வெளியிட்ட 'டான்டோ டெம்போ' என்ற ஆல்பம். 'இவ்வளவு காலம்' என்று அர்த்தமாம். எங்கள் வீட்டு முகப்புக் கண்ணாடி வந்த அதே பெல்ஜியத்துக் கம்பெனி ஒன்றுதான் அதை வெளியிட்டது. பிரேசிலின் 'போஸா நோவா' பாணியும் கணினியில் கோத்த மின்னணு ஓசையும் சேர்ந்த சங்கீதம். குரல் காற்றில் துணி அசைவது போல வந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண்ணின் கதையைக் கேட்டால் நம் பக்கத்துக் குடும்பக் கதை போலவே இருக்கிறது. அவருடைய தகப்பனார் ஜோவாவ் ஜில்பெர்டோதான் போஸா நோவா பாணியை உலகத்துக்குக் காட்டியவர்களில் முதல்வர். 1958-ல் வந்த 'ஷேகா தி சௌதாதி' இசைத்தட்டில் அது ஆரம்பிக்கிறது. உரக்கப் பாடினால்தான் பாட்டு என்றிருந்த காலத்தில், மைக்கை நம்பி, பேசுகிற குரலில் பாடினார் அவர். அந்தப் பாணி கைகூடுவதற்கு முன்னால் வேலையும் காசும் இல்லாமல் தம் சகோதரி வீட்டில் போய்த் தங்கி, எதிரொலி நன்றாக இருக்கிறதென்று குளியலறையில் உட்கார்ந்து கிதாரும் கையுமாகச் சாதகம் செய்தாராம். பிறகு ஊருக்குப் போனால் தகப்பனாருக்கு அந்தப் பாட்டு பொறுக்கவில்லை. மகனுக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்று வைத்தியம் பார்க்கவும் ஏற்பாடு ஆயிற்று என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இன்று பிரேசிலில் அவர் பாட்டைத் தொட்டால் சம்பிரதாயத்தைத் தொட்டதாக அர்த்தம். தகப்பனார் பைத்தியம் என்று நினைத்தது மகள் காலத்தில் பழமையாகிவிட்டது! அந்தப் பழமையின் மேல்தான் மகள் கணினித் தாளத்தை வைத்தார்.

அந்த ஆல்பத்துக்காக உழைத்த தயாரிப்பாளர்களில் முக்கியமானவர் சுபா என்று அழைக்கப்பட்ட மித்தர் சுபோட்டிச். யுகோஸ்லாவியாவில் பிறந்து பிரேசிலுக்குக் குடிவந்தவர். 1999 நவம்பரில் சாவ் பாலோவில் அவர் இருப்பிடத்தில் தீப்பிடித்தது. ஒலிப்பதிவுகளைக் காப்பாற்றப் போய்ப் புகையில் மூச்சடைத்து இறந்துபோனார் என்கிறார்கள். தட்டு வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை.

"அதுல ஒரு பாட்டு அவங்க அம்மானோடது" என்றாள் ஆச்சி மகள். உண்மைதான். பெபெலின் தாயார் மியூஷாவும் பாடகி. அவருடைய தம்பி சிக்கோ புவார்க்கி. பாட்டு எழுதிப் பாடுகிறவர், நாவலும் எழுதுகிறவர். அந்தத் தாய்மாமன் இயற்றிய 'சம்பா இ அமோர்' என்ற பாட்டை மருமகள் தன் ஆல்பத்தில் பாடியிருக்கிறார். நாவல் எழுதுகிற தாய்மாமன் என்றதும் ஒரு கணம் பெருமையாக இருந்தது. அந்த அம்மான் மருமகளுக்குப் பாட்டைக் கொடுத்தார். இந்த அம்மான் கொடுத்தது என்ன என்று நினைத்ததும் பெருமை அடங்கிவிட்டது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. கலப்படம் என்ற சொல்லையே சுற்றிச் சுற்றி வந்தேன். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் வெள்ளைக்காரரின் வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? நகுமோமுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆபேரி ராகத்துக்குப் பழைய வழக்கம் சுத்த தைவதம். இன்று நாம் கேட்டு உருகுவதெல்லாம் சதுசுருதி தைவதம். ஒரு ஸ்வரமே இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பச்சிக்கு அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? குருவிடமிருந்தா? பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷத்துக்கு மேல் இடமில்லாத ஒரு அரக்குத் தட்டிலிருந்து. தாத்தாவும் பேத்தியும் ஒரே மாதிரிதான் படித்திருக்கிறார்கள்.

ஆனால் இதையெல்லாம் அப்பச்சியிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. சொன்னாலும், "நீ எழுதுறவன், எதையும் சொல்லுவே" என்று முடித்துவிடுவார். எண்ணெயில் கலப்படம் உண்டு என்பதும் பொய்யில்லையே! விலைக்காகக் கலக்கிறவர்களை அறுபது வருஷம் பார்த்த மனுஷர்.

சதாபிஷேகத்துக்கு முதல் நாள் மாலை, வளவில் எல்லாரும் பூத் தொடுத்துக்கொண்டிருந்தபோது, ஆச்சி மகள் ஒரு தரம் பாடிப் பார்க்க உட்கார்ந்தாள். அப்பச்சி பட்டாலையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். ஆச்சி தூணுக்குப் பின்னால் நின்றாள்.

கணினியிலிருந்து முதலில் லேசான இரைச்சல். பிறகு, 'டக்'. இடைவெளி விட்டு மறுபடி 'டக்'. அதன்மேல் வீணைத் தந்தியை மீட்டினாற்போல ஓர் ஓசை நீண்டு அடங்கியது. அப்புறம் அவள் பாடினாள். குரலில் அப்படியே ஆச்சி. அனுபல்லவிக்குப் போனதும் அடியிலிருந்து 'பூம் பூம்' என்று ஏதோ சேர்ந்துகொண்டது. நான் அப்பச்சியைப் பார்க்காமல் பூவைப் பார்த்தேன்.

பாட்டு முடிந்தது. யாரும் பேசவில்லை.

"அந்த டக்கு எங்கேருந்து வருது?" என்றார் அப்பச்சி.

"உங்க தட்டுலேருந்துதான் ஐயா. பழைய முசிரி தட்டைப் போட்டு, அந்தச் சத்தத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தாளமா வச்சேன். மேல இருக்கிற அம்மா வீணையில ஒரு கம்பிதான் உருப்படியா இருந்துச்சு. அதையும் பதிஞ்சு சேர்த்துக்கிட்டேன்."

அப்பச்சி வெகுநேரம் நிலைக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமென்று இல்லாமல் சொன்னார்: "எனக்குப் பத்து வயசு. ஆசையிலே தொட்டுக் கீழே போட்டுட்டேன். விரிசல் விட்டுருச்சு. அடி விழும்னு தூணுக்குப் பின்னாலே ஒளிஞ்சுக்கிட்டு நின்னேன். எங்க அப்பச்சி தட்டை எடுத்துப் போட்டுக் கேட்டார். 'பாடுதுல்ல, விடு'ன்னார். அவ்வளவுதான் சொன்னார்."

சொல்லிவிட்டுத் தூண் பக்கம் திரும்பினார். ஆச்சி அங்கேதான் நின்றாள். அவர் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பேத்தியைப் பார்த்து, "அந்தப் பூம் பூம் மட்டும் கொஞ்சம் குறைச்சு வை. பாட்டுக் கேக்கட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, "வீணைக்குக் கம்பி கட்டுறவுக யாராவது இப்ப இருக்காகளான்னு விசாரி" என்றார்.

சதாபிஷேகம் நன்றாக நடந்தது. பாட்டைப் பற்றி உறவுக்காரர்கள் இரண்டு விதமாகவும் பேசினார்கள். அப்பச்சியின் அபிப்பிராயம் இன்றுவரை அந்தப் 'பூம் பூம்' வேண்டியதில்லை என்பதுதான். எனக்கும் அப்படித்தான் படுகிறது, சொல்லவில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி முகப்பில் ஆச்சியோடு உட்கார்ந்திருந்தேன். முப்பத்தொரு வருஷமாக நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு அப்பச்சிட்டச் சொன்னது நான்தான் ஆச்சி."

"தெரியும்டா" என்றாள் ஆச்சி. "அடுப்படியிலேதானே நின்னேன்!"

"அப்ப அந்தத் தட்டு?"

"அது நல்லா இருந்துச்சு. நம்ம வீட்டுல பாட்டுக் கேட்டு எழுதத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். நாலு வரி எழுதுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அந்த நாலு வரியைத்தான் இப்போது எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீண்டுவிட்டது, தாமதமும் ஆகிவிட்டது.